பெயரற்ற பணியிலிருந்து பெயருள்ள பணிக்கு: மருத்துவப் படிமவியல் ஆய்வை நடத்தியோர் வரலாறு (1968 – 2011)

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவப் படிமவியலின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் அவற்றைக் கண்டறிந்தோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுக்கூடம், மருத்துவமனை, அரசுத்துறை, தொழில் நிறுவனம் ஆகியவற்றுக்கு இடையே நின்று ஆய்வை நடத்திச் சென்றோர்க்கு அவ்வரலாற்றில் போதிய இடமில்லை. இங்கிலாந்தில் சி.டி. ஸ்கேன் கருவி உருவான 1968 – 1973 காலப்பகுதியையும், 2001க்குப் பின் வட அமெரிக்காவில் நடைபெற்ற இரு பெரும் படிம ஆய்வுகளையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. படிம ஆய்வை நடத்தும் பணி முதற்கட்டத்தில் பெயரின்றியும் தீர்மானிக்கும் உரிமையுடனும் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் பெயரைப் பெற்றது, உரிமையின் பெரும்பகுதியை இழந்தது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: மருத்துவப் படிமவியல், ஆய்வு மேலாண்மை, சி.டி. ஸ்கேன், இ.எம்.ஐ., ஆய்வு ஒருங்கிணைப்பாளர், அறிவியல் வரலாறு.

முன்னுரை

சி.டி. ஸ்கேன் எனப் பொதுமக்கள் வழங்கும் கணினிவழித் தளப்படக் கருவியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிமுகங்கள் பெரும்பாலும் ஒரே முறையில் அமைகின்றன. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அக்கதிர் தரும் படத்தில் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிந்தன. காட்ஃபிரே ஹௌன்ஸ்ஃபீல்டு அக்குறையைக் கணினியின் துணையால் நீக்கினார். ஆலன் கார்மாக்குடன் 1979இல் நோபல் பரிசு பெற்றார் என்று அவை முடிகின்றன. இதில் பிழை ஏதுமில்லை. எனினும் ஒரு கருத்து, நோயாளி படுக்கும் கருவியாக மாறுவதற்கு இடையே பணம் பெறப்பட வேண்டும். மருத்துவர் இணங்க வேண்டும். எந்த உறுப்பை முதலில் ஆராய்வது என முடிவெடுக்கப்பட வேண்டும். தரவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல வேண்டும். இவற்றைச் செய்தோர் யாவர் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது.

இப்பணியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களும் முழுமையாகப் பொருந்துவன அல்ல. ‘நிருவாகம்’ என்றால் கோப்பும் அலுவலகமும் நினைவுக்கு வருகின்றன. ‘மேலாண்மை’ என்றால் வணிகம் நினைவுக்கு வருகிறது. இக்கட்டுரை பேசும் பணி இரண்டிலும் சிறிது கலந்தது. ஆனால் அதன் மையம் வேறு. ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத இரு தரப்பினரைத் தொடர்ந்து ஒரே மேசையில் அமரச் செய்வது அதன் மையம். வேறு நல்ல சொல் அமையும்வரை ‘ஆய்வை நடத்துதல்’ என்னும் எளிய தொடரையே இங்குக் கையாளுகிறேன்.

பாடகர் கதையும் கணக்கேடும்

சி.டி. ஸ்கேன் பற்றிய கதைகளுள் மிகப் பரவலானது, பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்களே அதற்குப் பணம் தந்தன என்பதாகும். இக்கதைக்கு ஓர் அடிப்படை உண்டு. ஹௌன்ஸ்ஃபீல்டு பணியாற்றிய இ.எம்.ஐ. நிறுவனமே பீட்டில்ஸ் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. 1960களில் அந்நிறுவனத்தின் இசைத்தட்டு வணிகம் பெரும் வருவாய் ஈட்டியது. இசைத்தட்டில் வந்த பணம் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றிருக்கும் என்று எண்ணுவது இயல்பே.

2012இல் ஸீவ் மைஸ்லின், பாட்ரிக் வோஸ் ஆகிய இருவர் கணினித் தளப்படவியலுக்கென வெளிவரும் ஆய்விதழ் ஒன்றில் இக்கதையைக் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்தனர். கருவி உருவான ஆண்டுகளில் இ.எம்.ஐ. செலவிட்டது ஏறத்தாழ 1 இலட்சம் பவுண்டு. பிரித்தானிய அரசின் நலவாழ்வு மற்றும் சமூகப் பாதுகாப்புத் துறை செலவிட்டது ஏறத்தாழ 6 இலட்சம் பவுண்டு என அவர்கள் காட்டினர். பாடல் கேட்ட இளைஞர்களைவிட வரி செலுத்திய மக்களே இக்கருவிக்கு மிகுதியும் பணம் தந்தனர் என்பது இதன் பொருள்.

கதை பொய் என்று நிறுவுவதோடு இச்செய்தியின் பயன் முடிந்துவிடுவதில்லை. அரசுப் பணம் தானாக நடந்து வருவதில்லை. எக்ஸ் கதிர்க் கருவி எதனையும் அதுவரை செய்திராத ஒரு மின்னணு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர்க்கு, உலகில் எவரும் கண்டிராத கருவி ஒன்றுக்காகப் பொதுப்பணத்தைத் தரலாம் என்று அரசு அலுவலகத்தில் யாரோ ஒருவர் எழுத்தில் கையொப்பமிட்டிருக்க வேண்டும். பாடகர் கதை பரவியதால் மறைந்து போனவர்கள் அந்தக் கையொப்பத்துக்கு உரியோரே.

லெனனின் தீர்ப்பு

ஹௌன்ஸ்ஃபீல்டின் பின்னணியை இங்குச் சுருக்கமாகச் சொல்வது போதும். அவர் 1919இல் நாட்டிங்காம்ஷயர் பகுதியின் நெவார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் ராடார் பயிற்சி அளித்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல் ஃபாரடே ஹவுஸ் என்னும் மின்பொறியியல் கல்லூரியில் பயின்றவர். இ.எம்.ஐ.யில் ‘எமிடெக் 1100’ என்னும் டிரான்சிஸ்டர் கணினியின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அடுத்து அவர் மேற்கொண்ட கணினி நினைவகத் திட்டம் வணிக அளவில் பயன் தராது எனக் கைவிடப்பட்டது. அப்போது, 1967இல், புதிய ஆய்வுப் பொருளை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ள நிறுவனம் வாய்ப்பளித்தது. ஒரு திட்டம் தோற்ற பின் அதை நடத்தியவரைத் தண்டியாமல் சிந்திக்க விட்டது நடத்துநர் தரப்பின் முதல் முடிவு. ஹேய்ஸ் நகரிலிருந்த மைய ஆய்வுக்கூடத்தில் அவர்க்கு மேலிருந்த வில்லியம் இங்காம் இக்கட்டத்தில் குறிப்பிடத்தக்கவர்.

1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் அளிக்கப்பட்டது. ஆனால் இ.எம்.ஐ.க்கு மருத்துவமனைகளுடன் தொடர்பில்லை. எனவே நலவாழ்வுத் துறையை நாடினர். அத்துறையில் கிளிஃப் கிரெகரி, கோர்டன் ஹிக்சன் ஆகிய அறிவியல் அலுவலர்களும், கதிரியல் ஆலோசகராக இருந்த மருத்துவர் ஈவன் லெனனும் இதனைக் கையாண்டனர். ஜேம்ஸ் ஆம்புரோஸ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு இங்கு முதன்மைச் சான்றாகும். புகழ்பெற்ற கதிரியல் மருத்துவர் ஒருவர் ஹௌன்ஸ்ஃபீல்டை முன்பே சந்தித்து, ‘கிறுக்கர்’ என ஒதுக்கிவிட்டிருந்தார். இதனை அறிந்திருந்தும் லெனன் ஆம்புரோஸைத் தொலைபேசியில் அழைத்து, இவரை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி ஆய்வாளர் கவனத்திற்கு உரியது. லெனன் முன்னால் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று, துறையில் பெயர்பெற்ற ஒருவரின் எதிர்மறைக் கருத்து. மற்றொன்று, தாமே கேட்டறிந்த விளக்கம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அதற்கெனப் படிவமோ, மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பெண்ணோ இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பே இருந்தது. இன்றைய சொல்லாட்சியில் அவர் செய்தது ‘திட்ட அலுவலர்’ பணி. அன்று அது ஒரு மருத்துவ அலுவலரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகவே கழிந்தது.

ஹௌன்ஸ்ஃபீல்டைச் சந்தித்த ஆம்புரோஸ், கட்டியுடைய மூளைப் பகுதி ஒன்றைப் பதப்படுத்திய நிலையில் அவரிடம் கொடுத்தனுப்பினார். சில வாரங்கள் கழித்து ஹௌன்ஸ்ஃபீல்டு அதன் படத்துடன் திரும்பி வந்தார். கட்டி படத்தில் தெரிந்தது. ஆம்புரோஸின் ஈடுபாடு அன்றிலிருந்து தொடங்குகிறது.

தலையா, வயிறா?

லெனன் வழியாக இத்திட்டத்தில் தொடர்புபட்ட கதிரியல் மருத்துவர்கள் மூவர். ஃபிராங்க் டாய்ல் எலும்பிலும், லூயி கிரீல் வயிற்று உறுப்புகளிலும், ஆம்புரோஸ் மூளையிலும் ஈடுபாடு உடையவர்கள். மூவரிடமும் தகுதியான வினாக்கள் இருந்தன. ஆனால் இருந்த பணத்திற்கு ஒரு கருவியே செய்ய இயலும்.

இங்குக் கருவியின் இயல்பு முடிவெடுக்கும் முறையோடு பிணைந்து வருகிறது. ஆய்வுக்கூடத்தின் முதல் அமைப்பு கடைசல் எந்திரத்தின் பலகைமேல் கட்டப்பட்டது. அமெரிசியத் தனிமத்திலிருந்து வரும் காமாக் கதிர் மிக மெல்லியதாக இருந்ததால் ஒரு படத்திற்கு வேண்டிய 28,000 அளவீடுகளைத் திரட்ட 9 நாள் ஆயிற்று. அவற்றைக் கணினி கணக்கிட இரண்டரை மணி நேரம் பிடித்தது. எக்ஸ் கதிர்க் குழாய் பொருத்திய பின் 9 நாள் 9 மணி நேரமாகக் குறைந்தது. உயிருள்ள மனிதர்க்கு இதுவும் பொருந்தாது. மருத்துவமனைக் கருவி சில நிமிடங்களில் முடித்தாக வேண்டும்; அச்சில நிமிடங்களும் உறுப்பு அசையாதிருக்க வேண்டும். வயிறு மூச்சோடு அசையும். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள முடியும். மேலும், அக்காலத்தில் மூளையைப் படமெடுக்க முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தியோ கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தியோ நோயாளியை வருத்த வேண்டியிருந்தது. தேவை மிகுந்த இடமும் இயலக்கூடிய இடமும் ஒன்றாயின. எனவே தலை தேர்வாயிற்று.

இத்தேர்வினை அறிவியல் தேர்வு என்பதா, நிருவாகத் தேர்வு என்பதா? இரண்டையும் பிரிக்கும் கோடு இங்கு அழிந்துவிடுகிறது என்பதே என் கருத்து. ஆராய்ச்சி வினா இன்னது என்பதையே நடத்துவோர் தீர்மானிக்கும் கட்டம் இது. கிரீலின் வினா தள்ளிவைக்கப்பட்டது. தவறானது என்பதற்காக அன்று, அப்போதைய கருவிக்கு எட்டாதது என்பதற்காக.

மற்றொரு செய்தியும் இத்துடன் சேர்த்து நோக்கத்தக்கது. பதப்படுத்திய மூளை தந்த படங்கள் அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தன. பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் திசுக்களுக்கு இடையேயான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டியதே காரணம் என ஹௌன்ஸ்ஃபீல்டு தம் நோபல் உரையில் விளக்குகிறார். எனவே புதிய காளை மூளைகளைக் கொண்டு மீண்டும் சோதித்தனர்; வேறுபாடு குறைந்தாலும் உறுப்பமைப்பு தெரிந்தது. காளை மூளைகளைப் பையில் எடுத்துக்கொண்டு இலண்டன் பொதுப் போக்குவரத்தில் தாமே பயணம் செய்ததை அவர் தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியுள்ளார். பொருள் வாங்குதல், எடுத்து வருதல், தரம் பார்த்தல் ஆகியவற்றுக்கெனத் தனி ஆள் இல்லாத காலம் அது. பின்னாளில் தனித்தனிப் பணிகளாகப் பிரிந்தவை அனைத்தும் அன்று கண்டுபிடிப்பாளர் தோளிலேயே கிடந்தன.

அட்கின்சன் மார்லியும் ஹேய்ஸும்

தென்மேற்கு இலண்டனின் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனை நரம்பியலுக்குரிய சிறு மருத்துவமனை. முதல் கருவி அங்கு நிறுவப்பட்டு 1971 அக்டோபர் 1ஆம் நாள் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாமென ஐயுறப்பட்ட பெண்மணி அவர். தலை நீர்ப்பையால் சூழப்பட்டிருக்க, கதிர் ஒரு பாகையாக 180 கோணங்களில் சென்றது. படம் 80க்கு 80 என்னும் கட்டங்களால் ஆனது. அதில் கட்டி தெளிவாகத் தெரிந்தது.

படம் உடனே தெரிந்ததாகப் பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. கருவியில் கணினி இல்லை. அளவீடுகள் காந்த நாடாவில் பதியப்பட்டு, இலண்டன் நகரின் குறுக்கே ஹேய்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்த ஐ.சி.எல். 1905 கணினியில் கணக்கிடப்பட்டுப் படமாகத் திரும்பி வந்தன. எந்த நாடா எந்த நோயாளிக்கு உரியது என்பதில் ஒருமுறை தவறினாலும், உலகின் முதல் சி.டி. படங்கள் மருத்துவப் பொருள் அற்றவையாகியிருக்கும். நாடாவுக்குப் பெயரிட்டவர், எடுத்துச் சென்றவர், திரும்பக் கொண்டுவந்தவர் என ஒரு தொடர் இருந்தது. இன்று இதனைப் ‘படிமத் தரவு மேலாண்மை’ என்கிறோம். இதற்கெனத் தனிப் பணியிடங்களும் உள்ளன. அன்றைய தொடரிலிருந்தோரின் பெயர்கள் 1973 டிசம்பரில் பிரித்தானியக் கதிரியல் ஆய்விதழில் வெளியான இரு கட்டுரைகளின் தலைப்பில் இல்லை. முதற்கட்டுரை ஹௌன்ஸ்ஃபீல்டு பெயரிலும், மருத்துவப் பயன்பாடு பற்றிய இரண்டாம் கட்டுரை ஆம்புரோஸ் பெயரிலும் அமைந்தன.

1972 ஏப்ரலில் பிரித்தானியக் கதிரியல் நிறுவனத்தின் மாநாட்டில் இம்முடிவுகள் அறிவிக்கப்பட்டன. அடுத்த கருவிகள் இலண்டன் குயின் ஸ்குவேர், மான்செஸ்டர், கிளாஸ்கோ ஆகிய இடங்களுக்கும், 1973இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும் சென்றன. பல இடங்களுக்குக் கருவியை ஒருசேர அனுப்பி அனுபவத்தை ஒப்பிட்டறிதல் என்னும் முறையின் தொடக்கத்தை இங்குக் காணலாம்.

இரு வரலாறுகளிலும் விடுபட்டோர்

இ.எம்.ஐ.யின் பிற்கால நிலை வணிக வரலாற்றாசிரியர்க்கு நன்கு அறிமுகமானது. பெரிய நிறுவனங்கள் போட்டியில் நுழைந்தன. கருவிச் செலவைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு எடுத்த நடவடிக்கைகளால் விற்பனை சரிந்தது. ஹௌன்ஸ்ஃபீல்டு நோபல் பரிசு பெற்ற 1979ஆம் ஆண்டிலேயே இ.எம்.ஐ. தார்ன் நிறுவனத்தின் கைக்குப் போகும் நிலை வந்தது. அதன்பின் ஸ்கேன் தொழிலே கைவிடப்பட்டது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் கிறிஸ்டோபர் பார்ட்லெட் 1983இல் இதனைப் பாட நேர்வாக எழுதினார். புதுமையைக் கண்டவர்க்கு ஆதாயம் கிட்டாமல் போவது ஏன் என்னும் வினாவை ஆராய்ந்த டேவிட் டீஸின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இ.எம்.ஐ. முதன்மை எடுத்துக்காட்டாக வருகிறது.

ஆக, இரண்டு வரலாறுகள் நம்மிடம் உள்ளன. கதிரியல் வரலாறு ஹௌன்ஸ்ஃபீல்டின் வெற்றியைச் சொல்கிறது. அதில் நடத்துநர் இல்லை. வணிக வரலாறு இ.எம்.ஐ.யின் தோல்வியைச் சொல்கிறது. அதில் நடத்துநர் பிழை செய்தவராக மட்டும் வருகிறார். வெற்றி கண்டுபிடிப்பாளர்க்கும் தோல்வி மேலாளர்க்கும் எனப் பங்கிடப்பட்டுவிட்டது. 1968 முதல் 1972 வரை ஆய்வை நடத்தி வெற்றிபெறச் செய்த லெனன், ஹிக்சன், கிரெகரி, இங்காம் ஆகியோர் இவ்விரண்டுக்கும் இடையே விழுந்துவிட்டனர். துறை வரலாற்று நூல்களில் அவர்கள் பெயர் இல்லாமல் இல்லை. பெயர் உண்டு, ஆனால் அது பிறர் கதையில் கதவைத் திறந்துவிட்டு மறையும் பாத்திரத்தின் பெயராகவே உள்ளது.

பெயர் பெற்ற பணி

1980களுக்குப் பின் நிலைமை மாறியது. கருவியைச் செய்வதிலிருந்து, கருவி உண்மையில் உயிரைக் காக்கிறதா என அறிவதற்கு ஆய்வின் நோக்கு நகர்ந்தது. அவ்வாறு அறிய ஒரு மருத்துவமனையும் ஓர் ஆம்புரோஸும் போதா. பல ஊர்கள், பல நிறுவனக் கருவிகள், ஆயிரக்கணக்கான மக்கள் தேவை.

இதற்கான முன்னேற்பாடுகளுள் பொறியியல் சார்ந்தது ஒன்று. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983இல் கூட்டுக்குழு அமைத்து 1985இல் படிமப் பரிமாற்றத்திற்கான தரமுறையை வெளியிட்டன. 1993இல் அது ‘டைகாம்’ என்னும் பெயர் பெற்றது. ஒரு நிறுவனத்தின் கருவி எடுத்த படத்தை மற்றொன்றின் திரையில் காண இதுவே வழிசெய்தது. ஹேய்ஸுக்குச் சென்ற நாடாவின் இடத்தை இத்தரமுறை எடுத்துக்கொண்டது எனலாம்.

மற்றது மனிதர் சார்ந்தது. மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றியோர் 1976இல் அமெரிக்காவில் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1991இல் மற்றொரு சங்கமும் தோன்றியது. தேர்வும் சான்றிதழும் வந்தன. 1996இல் பன்னாட்டு அளவில் ‘நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை’ விதிகள் வகுக்கப்பட்டு, யார் எதற்குப் பொறுப்பு என்பது எழுத்தில் வந்தது. செவிலியர், கதிர்ப்பட நுட்பர், இயற்பியலர் எனப் பல வழிகளில் வந்தோர் ‘ஆய்வு ஒருங்கிணைப்பாளர்’ என்னும் ஒரே பெயரின்கீழ்த் திரண்டனர். படிமவியலுக்கு இப்பணிமுறை முழு அளவில் வந்தது 1999இல் தேசியப் புற்றுநோய் நிறுவன நிதியில் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் படிம ஆய்வு வலையமைப்பு தொடங்கப்பட்ட பின்னரே. அவ்வலையமைப்பின் முதல் தலைவர் புரூஸ் ஹில்மன்.

49,528க்கும் 42,760க்கும் இடையில்

அவ்வலையமைப்பு நடத்திய மார்பகப் படிம ஆய்வு, எட்டா பிசானோவின் தலைமையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 33 இடங்களில் நடந்தது. அறிகுறி ஏதுமற்ற 49,528 பெண்கள் 2001 முதல் 2003 வரை இதில் சேர்ந்தனர். ஒவ்வொருவர்க்கும் பழைய முறைப் படச்சுருளிலும் புதிய எண்முறையிலும் ஒருங்கே படம் எடுக்கப்பட்டது. முடிவு 2005இல் வெளியாயிற்று. மொத்தத்தில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒத்த திறனுடையவை. 50 வயதுக்குக் குறைந்தோர், மார்பகத் திசு அடர்ந்தோர் முதலியோரிடம் எண்முறையே சிறந்தது என்பது அம்முடிவு.

கட்டுரையைப் படிப்போர் இம்முடிவில் நின்றுவிடுவர். நடத்துவோர் வரலாற்றைத் தேடுபவர் வேறோர் எண்ணில் நிற்க வேண்டும். சேர்ந்தோர் 49,528, தேவையான தகவல் அனைத்தும் கிடைத்தோர் 42,760. அதாவது 86.3 விழுக்காடு. இடைப்பட்ட 6,768 பேர் முழுமையான கணக்கில் சேரவில்லை. எந்தப் பெரிய ஆய்விலும் இத்தகைய இழப்பு உண்டு. ஆனால் 42,760 என்னும் எண் தானே அமைந்ததன்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு படங்களும் உரிய முறையில் எடுக்கப்பட்டன என உறுதிசெய்தல், ஓராண்டு கழித்து அவரைத் தேடிப் பிடித்தல், மாறிய முகவரியைக் கண்டறிதல், திசுப் பரிசோதனை முடிவை வேறு மருத்துவமனையிலிருந்து பெறுதல் ஆகியவை 33 இடங்களில் நடந்தால்தான் அவ்வெண் கிடைக்கும். அவ்வெண் எட்டாதிருந்தால், 50 வயதுக்குக் குறைந்தோர் போன்ற உட்குழுக்களைத் தனியே பிரித்துப் பார்க்கும் வலிமையும் ஆய்வுக்குக் குறைந்திருக்கும். கட்டுரையின் மிக முக்கியமான கண்டறிவு ஒருங்கிணைப்பாளர்களின் தொலைபேசி அழைப்புகள்மேல் நிற்கிறது என்று சொல்வது மிகையாகாது.

2002இல் தொடங்கிய தேசிய நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை இதனினும் விரிந்தது. 33 மையங்களில் 53,454 பேர் சேர்ந்தனர். ஒரு பிரிவினர்க்குக் குறைந்த கதிரளவுச் சி.டி. படமும் மற்றவர்க்கு மார்பு எக்ஸ் கதிர்ப் படமும் ஆண்டுக்கொருமுறையாக மூன்று முறை எடுக்கப்பட்டன. நுரையீரல் புற்றுநோயால் நேரும் இறப்பு சி.டி. பிரிவில் 20 விழுக்காடு குறைந்தது என 2011இல் அறிவிக்கப்பட்டது. திட்டமிட்ட படங்களுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை எடுக்கப்பட்டன. புகைப்பழக்கம் மிகுந்த, பெரும்பாலும் நோயற்ற மக்களை மூன்று ஆண்டுகள் மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வரச் செய்தல் எளிதன்று. இன்னொரு சுமையும் இருந்தது. சி.டி. பிரிவில் எடுத்த படங்களுள் 24.2 விழுக்காட்டில் ஐயத்திற்குரியது ஏதோ தெரிந்தது, அவற்றுள் 96.4 விழுக்காடு புற்றுநோய் அல்ல என்று பின்னர்த் தெரிந்தது. அஞ்சியவர்க்கு மறுமொழி சொல்லியும், அடுத்த சோதனை முடிவைப் பதிந்தும், முடிவு தெரியும்வரை பின்தொடர்ந்தும் செய்த பணிக்கு அறிக்கையில் ஒரு பத்தி இருக்கலாம், அவ்வளவே.

உரிமை குறைந்த வகை

இப்போது 1969ஐயும் 2002ஐயும் அருகருகே வைத்து நோக்கலாம். லெனன் தம் விருப்பறிவால் ஓர் அழைப்பு விடுத்தார். ஆய்வின் திசை மாறியது. நுரையீரல் ஆய்வின் ஒருங்கிணைப்பாளர்க்கு அவ்வுரிமை இல்லை. யாரைச் சேர்ப்பது, எந்தக் கதிரளவில் படமெடுப்பது, ஐயமான படத்தை எவ்வாறு வகைப்படுத்துவது என்பன அனைத்தும் அவர் பணியேற்கும் முன்பே நெறிமுறை ஏட்டில் எழுதப்பட்டுவிட்டன. அதனின்று விலகினால் அது ‘விலகல்’ எனப் பதியப்படும்.

இதனை வீழ்ச்சி என்று மட்டும் கொள்வது சரியன்று. லெனனுக்கு இருந்த அதே உரிமை, ஹௌன்ஸ்ஃபீல்டைக் கிறுக்கர் எனத் தள்ளிய பெயர்பெற்ற மருத்துவர்க்கும் இருந்தது. தனிமனிதர் தீர்ப்பின்மேல் நிற்கும் ஆய்வு, தீர்ப்பளிப்பவர் நல்லவராக அமையும் வாய்ப்பின்மேலும் நிற்கிறது. 33 மையங்களில் 33 விதமான தீர்ப்புகள் இருந்திருந்தால் 20 விழுக்காடு என்னும் வேறுபாடு தெரிந்திருக்கவே முடியாது. நெறிமுறை, உரிமையைக் குறைத்து நம்பகத்தைக் கூட்டியது. ஆனால் உரிமையோடு சேர்ந்து மதிப்பும் குறைந்தது என்பதே கவலைக்குரியது. முடிவெடுப்பவர் அல்லர், பின்பற்றுபவர் என்று ஒருவரைக் கருதத் தொடங்கினால், அவர் அறிவை அறிவெனக் கொள்ளும் வழக்கமும் நின்றுவிடுகிறது. முகவரி மாறிய பெண்ணை எங்குத் தேடுவது என்பது எந்த நெறிமுறை ஏட்டிலும் முழுமையாக எழுதப்படுவதில்லை. அது அனுபவ அறிவு. நிதிக்காலம் முடிந்து பணியாளர் வேறிடம் சென்றால் அதுவும் அவருடன் சென்றுவிடுகிறது.

நுரையீரல் ஆய்வின் முதன்மைக் கட்டுரை தனிமனிதர் பெயர்களைத் தலைப்பில் இடாமல் ‘ஆய்வுக்குழு’ என்னும் பொதுப்பெயரில் வெளியானது. இது ஒருவகையில் நேர்மையான தீர்வு, யாரும் முந்தவில்லை. ஆனால் பணி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஒருங்கிணைப்பாளர்க்கு இத்தகைய கூட்டுப்பெயர் எந்த அளவு பயன்படும் என்பது வேறு வினா. இதனை ஒட்டி, கட்டுரை ஒன்றில் யார் என்ன செய்தார் எனக் குறிக்கும் 14 பங்களிப்பு வகைகளின் பட்டியல் 2010களில் உருவாக்கப்பட்டுப் பல ஆய்விதழ்களால் ஏற்கப்பட்டது. கருத்தாக்கம், பகுப்பாய்வு, எழுதுதல் ஆகியவற்றோடு ‘தரவுப் பேணல்’, ‘திட்ட நிருவாகம்’ ஆகியனவும் அதில் இடம்பெறுகின்றன. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இப்பணிகளுக்கு உரிய இடம் இன்றும் நன்றியுரைப் பக்கமே.

இங்கிலாந்தின் யு.கே. பயோபேங்க் திட்டம் 2014இல் முன்னோட்டமாகத் தொடங்கி ஒரு இலட்சம் பேரின் உடலைப் படமெடுத்து 2025இல் அவ்விலக்கை எட்டியது. அதன் மையங்களுள் ஒன்று மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட்டில் உள்ளது. 1970களின் தொடக்கத்தில் தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்றைப் பெற்ற நகரத்தின் அயலில். வருவோரை அழைப்பதற்கும், படமெடுப்பதற்கும், படங்களின் தரம் பார்ப்பதற்கும், அவற்றை ஆய்வாளர்க்கு வழங்குவதற்கும் தனித்தனிப் பணியாளர் அங்கு உண்டு. காளை மூளையைப் பையில் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டிய தேவை இன்றைய கண்டுபிடிப்பாளர்க்கு இல்லை. தொலைபேசியை எடுத்து, எல்லாரும் ஒதுக்கிய ஒருவரை நீங்கள் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லும் உரிமையுள்ள பணியிடம் இப்பட்டியலில் எது என்பது இனி ஆராயப்பட வேண்டியது.